செங்கல் சுவரும் தேர்வடமும்

வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கப் போகிறவனுக்கு நம்ம ஆட்கள் முதலில் காட்டுவது ஒரு செங்கல் சுவரை. சுவரைப் படம் எடுத்து, வலது மேல்மூலையைப் பெரிதாக்கி, "பாருங்க, இதுல ஓரம் மங்குது, அதுல மங்கல" என்பார்கள். அவ்வளவுதான் ஒப்பீடு. கொரிய லென்ஸா, சீன லென்ஸா, ஜப்பான் லென்ஸா என்கிற பஞ்சாயத்து அந்தச் சுவரோடு முடிந்துவிடும். அந்த மூலையில் செங்கல்லுக்குப் பதில் ஒரு மனிதர் நின்றால் அவர் முகம் என்ன ஆகும் என்று கேட்ட ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி டவுணில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மிரர்லெஸ் கேமராக்களுக்கு வருகிற, கையால் ஃபோக்கஸ் செய்யவேண்டிய, ஜூம் இல்லாத வைட் லென்ஸ்கள். கொரியாவின் சம்யாங் 12 மி.மீ. எஃப்/2. சீனாவின் லாவா 9 மி.மீ. எஃப்/2.8, 15 மி.மீ. எஃப்/2. ஜப்பானில் கோசினா நிறுவனம் செய்யும் வோய்க்ட்லாண்டர் 15 மி.மீ. எஃப்/4.5. இதற்குக் கீழே செவன்ஆர்ட்டிசன்ஸ், மெய்க்கே என்று விலை குறைந்த ஒரு வரிசை. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் கண்ணாடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டே லென்ஸ் செய்யவேண்டியிருந்தது. கேனானின் பழைய மவுண்டில் அந்த இடைவெளி 44 மி.மீ.; சோனி மிரர்லெஸ்ஸில் 18 மி.மீ.தான். கண்ணாடி போனது, இடைவெளி சுருங்கியது, சின்னதாக, கனமில்லாத வைட் லென்ஸ் செய்வது சுலபமானது. லாவா 9 மி.மீ. கால் கிலோவுக்கும் குறைவு. மோட்டார் இல்லாததால் விலையும் குறைவு. கல்யாண வீட்டில் உதவியாளாக நின்று காசு சேர்க்கிற பையன் மாதத் தவணை இல்லாமல் வாங்கக்கூடிய வைட் லென்ஸ் அநேகமாக இந்த வகைதான்.

அந்தப் பையனிடம்தான் ஒரு கூட்டம் சொல்கிறது: "ஆட்டோஃபோக்கஸ் இல்லாத லென்ஸ் வெறும் பொம்மை வே. கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோக்கஸ் பண்ற காலத்துல எவனாவது வளையத்தைத் திருகுவானா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. ஏ.பி.எஸ்-சி சென்சரில் 12 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து, வளையத்தை ஒரு மீட்டரில் நிறுத்துங்கள். கிட்டத்தட்ட அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். ராத்திரி சப்பரம் வருகிறது, வெளிச்சம் போதாது, எஃப்/2-க்குத் திறக்கிறீர்கள் என்றாலும் சரி. வளையம் இரண்டு மீட்டரில் இருந்தால் சுமார் 1.3 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை கிடைக்கும். ரத வீதிக் கூட்டத்துக்குள் நின்றால் உங்களுக்கு வேண்டிய ஆள் அதற்குள்தான் இருப்பார். பெரிய பிரிண்ட் போடுகிறவர் இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கட்டும்; அடிப்படை மாறாது. 50 மி.மீ. லென்ஸைத் திறந்துவைத்து, ஓடுகிற பிள்ளையின் கண்ணைப் பிடிக்க ஆட்டோஃபோக்கஸ் வேண்டும், மறுக்கவில்லை. இவ்வளவு அகலமான லென்ஸில் ஃபோக்கஸ் என்பது ஒரு தடவை வைத்து, மின்சார டேப்பால் ஒட்டிவிட்டு, மறந்துவிடவேண்டிய விஷயம்.

எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். இவர்கள் நம் இலக்கியக்காரர்களுக்கு நெருக்கம். கையால் திருகினால்தான் படத்தில் ஆன்மா வரும், இயந்திரம் தேர்ந்தெடுத்தால் கலை செத்துவிடும் என்பவர்கள். இதுவும் வெற்றுப் பேச்சு. மறக்கவேண்டிய வளையத்தில் என்ன ஆன்மா? இந்த லென்ஸ்களின் நன்மை ரொம்பச் சாதாரணமானது. வளையம் வைத்த இடத்தில் நிற்கும். கேமராவை அணைத்துப் போட்டாலும் தூரம் மாறாது. விலை குறைவு. சங்கடங்களும் சாதாரணமானவைதான். பெரும்பாலானவற்றில் மின்தொடர்பு இல்லை; எந்த அப்பர்ச்சரில் எடுத்தோம் என்று கோப்பில் பதிவாகாது; நடுக்கம் குறைக்கும் வசதி உள்ள கேமராவுக்கு எத்தனை மி.மீ. என்று நாமே சொல்லவேண்டும். தத்துவம் பேச இதில் எதுவும் இல்லை.

இரண்டு கூட்டமும் பேசாமல் விடுவது ஓரத்தைப் பற்றி. மங்கலைச் சொல்லவில்லை, இழுபடுவதைச் சொல்கிறேன். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுகிற எந்த லென்ஸும், உருண்டையான பொருளை ஓரத்துக்குப் போகப்போக வெளிப்பக்கமாக இழுக்கும். ஏ.பி.எஸ்-சியில் 12 மி.மீ. என்றால், கடைசி மூலையில் விழுகிற ஒரு தலை அதன் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளமாகும். ஃபுல் ஃப்ரேமில் 15 மி.மீ. என்றால் ஒன்றே முக்கால் மடங்கு. ஏ.பி.எஸ்-சியில் 9 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஃபுல் ஃப்ரேமில் 28 மி.மீ. வரை வந்தால்தான் ஒன்றேகாலுக்கு இறங்கும். காசைக் கொட்டினாலும் இது போகாது. கண்ணாடியின் தரம் இதில் சம்பந்தப்படவில்லை, இது வடிவியல். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஊதிப்போகிறதே, அதே சங்கதி. "ஜீரோ டிஸ்டார்ஷன்" என்று லென்ஸின் நெற்றியில் எழுதியிருந்தால், தூண் வளையாது என்று மட்டும் அர்த்தம். தலை நீளாது என்று எவனும் வாக்குக் கொடுக்கவில்லை.

இதை நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம். ஐந்து தேர், சுவாமி தேர் மலைபோல வரும். அன்றைக்கு வைட் லென்ஸ்காரர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். நட்டநடுவில் தேர், பின்னால் கோபுரம், மேலே மேகம். கீழ் ஓரங்களில் வடம் பிடிக்கிற ஜனம். சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை கொடுப்பவரும் பின்னால் தடி போட்டு நெம்புகிறவர்களும் மூலையில் கிடப்பார்கள். தேர் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். அதை நகர்த்துகிற மனிதரின் தலை சுரைக்காயாக, கை ரப்பராக இழுபட்டிருக்கும். அந்தப் படம் நாள்காட்டியில் வரும், காலையில் வாட்ஸப்பில் வரும். மரத்துக்கும் கல்லுக்கும் முகம் கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை. வெயிலில் தோல் உரிய வடம் பிடித்தவர் அந்தப் படத்தில் தன்னைத் தேடினால் அடையாளம் காண முடியாது. விமர்சகரோ அந்த மூலையைப் பெரிதாக்கி, "ஓரம் வரைக்கும் என்ன ஷார்ப்பு!" என்கிறார். ஷார்ப்பாகத்தான் இருக்கிறது, கோரமும் ஷார்ப்பாக இருக்கிறது.

"அது எடுத்தவன் குத்தம், லென்ஸ் என்ன பண்ணும்?" என்பார்கள். நியாயமான பேச்சுதான். அப்படியானால் லென்ஸை ஒப்பிடுகிறவர்கள் அந்தக் குற்றத்துக்கு மாணவர்களைத் தயார் செய்யாமல் இருக்கவேண்டும். செங்கல் சுவரை வைத்து மதிப்பெண் போட்டால், சுவருக்கு நல்ல லென்ஸ் எதுவோ அதுதான் ஜெயிக்கும். அதை வாங்கின பையன் சுவரைப்போலவே ஊரையும் எடுப்பான். கோயில் சங்கிலி மண்டபத்தில், 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியதாகச் சொல்கிற அந்த மண்டபத்தில், வரிசையாகப் போகிற தூண்களுக்கு நேர்கோட்டு லென்ஸ் சரியான கருவிதான். தூண் நேராக நிற்கவேண்டும். ஆனால் மண்டபத்துக்குச் சரியானது வடம்பிடிக்கும் கூட்டத்துக்குச் சரி என்று யார் சொன்னது? மீன்கண் லென்ஸ் என்று ஒன்றை எல்லாரும் கேலி பேசுகிறோம். சம்யாங்கின் 8 மி.மீ. மீன்கண்ணில் தூண் வில்லாக வளையும்; ஓரத்துத் தலை மட்டும் ஏறக்குறைய உருண்டையாகவே இருக்கும். தூண் நேராக வேண்டுமா, தலை உருண்டையாக வேண்டுமா? தட்டையான ஒரு படத்தில், இவ்வளவு அகலத்தில், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. சந்தை நமக்காகத் தூணைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நாமும் கேள்வி கேட்காமல் தலையாட்டினோம்.

இந்த ஊருக்கு இன்னொரு பார்வை பழக்கம் உண்டு என்பதால்தான் எனக்கு ஆத்திரம். வண்ணதாசனும் கலாப்ரியாவும் இந்தத் தெருக்களிலிருந்து எழுத வந்தவர்கள். வண்ணநிலவன் பாளையங்கோட்டையில் ஒரு சின்னத் தெருவை மட்டும் வைத்து 'ரெயினீஸ் ஐயர் தெரு' எழுதினார். இவர்கள் எழுத்தில் கோபுரம் வரும், ஆறு வரும். ஆனால் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தாண்டித்தான் வரும். ஆள் நடுவில், ஊர் சுற்றிலும். வைட் லென்ஸின் இயல்பான வேலையும் அதுதான். தூரத்தில் நின்று எல்லாவற்றையும் அள்ளித் திணிக்க அது செய்யப்படவில்லை. ஒருவர் பக்கத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில், அவர் சம்மதத்தோடு போய் நின்று, அவருக்குப் பின்னால் இருக்கிற உலகத்தையும் விடாமல் சேர்த்துக்கொள்ளத்தான் அது உதவும். கேமராவை மட்டமாகப் பிடித்து, சறுக்குக்கட்டைக்காரரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இழுபடுவது தேரின் ஓரம். தேர் கோவித்துக்கொள்ளாது.

ஆகவே ஒப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான விஷயத்தை ஒப்பிடுங்கள் என்கிறேன். செங்கல் சுவருக்கும் ஒரு வேலை உண்டு. நாலு மூலையில் ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி கோணலாக இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் சுவரிடம் கேட்க ஒன்றுமில்லை. வளையத்தில் போட்டிருக்கும் தூரக் குறிகள் உண்மையா என்று பாருங்கள். விலை குறைந்த லென்ஸ்களில் முடிவிலிக் குறி அடிக்கடி பொய் சொல்லும். ராத்திரி சுலோசனா முதலியார் பாலத்தில் நின்று, ஆற்றுக்கு அந்தப்பக்கம் தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, கூர்மையாகிற இடத்தில் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பைக்குள் உரசினால் வளையம் நகர்கிறதா என்று பாருங்கள். சீரியல் விளக்குக்கு எதிரே வைத்தால் படம் வெளிறிப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சிநேகிதனை நடுவிலிருந்து மூலை வரைக்கும் ஒவ்வொரு அடியாக நகர்த்தி எடுத்து, எந்த இடத்தில் அவன் முகம் அவன் முகமாக இல்லாமல் போகிறது என்று பாருங்கள். அந்த எல்லைதான் உங்கள் லென்ஸின் நிஜமான அகலம். பெட்டியில் அச்சடித்திருக்கிற டிகிரி அல்ல.

இப்படி அளந்தால் 9 மி.மீ.க்காரர் பலர் 12-க்கு இறங்குவார்கள். 12-க்காரர் சிலர் 14, 18 என்று இன்னும் இறங்குவார்கள். இறங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடும்போதெல்லாம் படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவருக்கு அவருடைய முகம் திரும்பக் கிடைக்கிறது.