எழுதியது நீங்கள், பில் மட்டும் எனக்கா?

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. டயரில் பட்டன்கூடத் தேயவில்லை. ஆனாலும் என் எலெக்ட்ரிக் கார் வீட்டு வாசலில் கவர் போர்த்திக் கிடக்கிறது. உள்ளே விரல் நகத்தளவு சிப் ஒன்று போய்விட்டது. அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் எஸ்டிமேட். “தேய்மானம் சார், வாரண்டியில வராது” என்று கையை விரித்துவிட்டார்கள். தேய்மானமாம்! யார் தேய்த்தது என்று மட்டும் நான் கேட்கக் கூடாதாம்!

ஐப்பசி மழை. மறைமலைநகரிலிருந்து பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலை அப்போது எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் ஆம்னி பஸ், நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடும் கல்லூரிப் பிள்ளைகள். அந்த நேரம் பார்த்துக் காரின் நடுத்திரை இருண்டது. கம்பெனி முத்திரை வந்தது, போனது, திரும்ப வந்தது, போனது. இந்தக் காரில் ஏசிக்குத் திருகும் குமிழ் கிடையாது, எல்லாம் திரைக்குள்தான். முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிகிறது, அதைப் போக்கும் பொத்தானோ செத்துப்போன திரைக்குள் இருக்கிறது. என் மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் சத்தம் இல்லை. வெளியே விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தெருவுக்குள் வந்து ரிவர்ஸ் எடுத்தால் கேமரா இல்லை. பிள்ளைகள் ஓடியாடும் தெரு அது. அவளை மழையில் இறக்கி நிற்க வைத்துத்தான் வண்டியை உள்ளே விட்டேன்.

இதைப் பார்த்துத்தான் “பாட்டு கேக்கற ஸ்க்ரீன்தானே சார், வண்டி ஓடுதுல்ல” என்றார் சர்வீஸ் அட்வைசர்.

கார் கம்பெனிக்காரர்களே, விற்கும்போது என்ன சொன்னீர்கள்? “ஆயில் மாத்த வேணாம், கிளட்ச் கிடையாது, செலவே வைக்காது சார்.” நம்பி வங்கிக் கடன் போட்டு வாங்கினேன். பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், திரையை இயக்கும் கம்ப்யூட்டருக்கு மூன்றே வருடம் என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தீர்கள். கடன் தவணை இன்னும் முடியவில்லை, கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது. சிப்பை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றால், “தனியா வராது சார், யூனிட் மொத்தமா போடணும்” என்கிறீர்கள்.

மனசு கேட்காமல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அந்தச் சிப் இருந்த சர்க்யூட் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தம்பி மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்துப் பார்த்தார். “ஸ்டோரேஜ் போச்சுண்ணா. ஓயாம எழுதிக்கிட்டே இருந்திருக்கு. சிப்ப நான் மாத்திடுவேன், உள்ள சாஃப்ட்வேர கம்பெனிக்காரன்தான் ஏத்தணும். அவன் தர மாட்டான்” என்றார். எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது.

இந்தச் சேமிப்புச் சிப்பில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே தாளில் ரப்பரால் அழித்து அழித்து எழுதினால் கடைசியில் தாள் கிழிகிறதல்லவா, அப்படித்தான். கார் எங்கே நின்றது, எந்தப் பாகம் எவ்வளவு சூடானது, எந்த நிரல் எப்போது விழித்தது என்று உங்கள் மென்பொருள் ராப்பகலாக லாக் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதை எழுதச் சொன்னது நானா? அதில் ஒரு வரியையாவது என்னால் படிக்க முடியுமா? பிரேக் கட்டை தேய்ந்தால் நான் மிதித்தது, தருகிறேன் காசு. டயர் தேய்ந்தால் நான் ஓட்டியது, தருகிறேன். நீங்கள் எழுதித் தேய்த்ததற்கு நான் எதற்காகத் தர வேண்டும்?

எனக்கு மட்டும் வந்த வினை இது என்று நினைத்து ஒதுக்கிவிடவும் முடியாது. உலகத்துக்கே எலெக்ட்ரிக் கார் காட்டிய டெஸ்லாவிலும் இதே கதை நடந்தது. 2018 வரை வந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கிய கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி சிப். சுமார் 3,000 முறை எழுதி அழித்ததும் அதன் ஆயுள் முடிந்தது. ஐந்தாறு வருடத்தில் திரைகள் இருண்டன. ரிவர்ஸ் கேமரா போனது, கண்ணாடி ஆவியைப் போக்கும் வசதி போனது, இண்டிகேட்டர் ஓசை போனது. மழையில் நான் பட்டது அத்தனையும் அங்கே அரசுக் கோப்பில் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கி, 2021 ஜனவரியில் கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. கம்பெனி என்ன சொன்னது? இப்படிப்பட்ட பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கட்டுப்படியாகாது என்றது. இங்கே எனக்குச் சொன்ன அதே தேய்மானப் பாட்டு! ஆனாலும் அடுத்த மாதமே சுமார் 1,35,000 கார்களை அழைத்து, 64 ஜிபி சிப் வைத்த பலகையை இலவசமாகப் போட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. முன்பே கைக்காசு போட்டு மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் வழி செய்தது. அங்கே கேட்க ஆள் இருந்தது. இங்கே?

இங்கேயும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம், அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் வருடத்துக்கு ஐந்நூறுக்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்களின் புகார் சேர வேண்டும். எத்தனை பேர் புகார் போடுகிறோம்? தலையில் அடித்துக்கொண்டு பில்லைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஆசையாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தின் கணக்கில், பொருளுக்கே வந்த சேதம் ‘தீங்கு’ ஆகாது. ஆள் அடிபட வேண்டும், இல்லையென்றால் வேறு சொத்து நாசமாக வேண்டும். அன்று மழையில் லாரிக்கடியில் போயிருந்தால்தான் நீங்கள் பொறுப்பாளி ஆவீர்கள். உயிரோடு வீடு வந்து சேர்ந்தது என் குற்றமா?

நான் குடியிருப்பது கார் செய்யும் சீமை. பக்கத்திலேயே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை. மகிந்திரா சிட்டியில் ஆராய்ச்சிக் கூடம். ஒரகடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தபோது இந்த வட்டாரமே ஆடிப்போனது. அந்தக் கார்களை இன்றும் தெருமுனை மெக்கானிக் பிரித்துக் கோத்துவிடுவார். நாளைக்கு நீங்கள் கடையைக் கட்டினால் என் காரில் சாஃப்ட்வேர் ஏற்ற யார் வருவார்? பழுதுபார்க்கும் உரிமை என்று 2022-இல் மத்திய அரசு இணையதளம் திறந்தது, அதில் வாகனமும் உண்டு. தளம் இருந்து என்ன, பூட்டின் சாவி உங்கள் கையில் அல்லவா இருக்கிறது?

பிச்சை கேட்கவில்லை. பேட்டரிக்கு எத்தனை வருடமோ அத்தனை வருடம் கம்ப்யூட்டருக்கும் வாரண்டி கொடுங்கள். சிப்பைத் தனியாக விற்று, வெளி மெக்கானிக்குக்கும் சாஃப்ட்வேரைத் திறந்துவிடுங்கள். தேவையில்லாத லாக்கை நிறுத்துங்கள். ஏற்கனவே அழுதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

மாட்டீர்கள் என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். குறையுள்ள பொருளை விற்றீர்கள் என்பதுதான் என் மனு. அதைக் கேட்க நான் லாரிக்கடியில் விழுந்திருக்க வேண்டியதில்லை. என் காரின் ஒவ்வோர் அசைவையும் எழுதி வைத்தீர்களே, அந்த லாக்கையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். எந்தெந்த நாளில் எத்தனை தடவை எழுதினீர்கள், எதற்காக எழுதினீர்கள் என்று ஆணையத்தின் முன்னால் வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகும் தேய்த்தது நான்தான் என்று சொல்ல நா எழுந்தால், அந்த ஒன்றரை லட்சத்தை அங்கேயே எண்ணி வைக்கிறேன்.