10 மைல் தூரத்தில் இருந்து காரை மடக்கினார்கள்!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். 2015-ம் ஆண்டு. பத்திரிகை நிருபர் ஆண்டி கிரீன்பெர்க், ஜீப் செரோக்கி காரில் 70 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

திடீர் என்று ஏ.சி. குளிர் காற்றை வாரி இறைத்தது. ரேடியோ அலறியது. குமிழைத் திருகினார், அடங்கவில்லை. மழை இல்லாமலே வைப்பர் ஓடியது. கடைசியில், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் கார் வேகம் எடுக்கவில்லை. பின்னால் பெரிய லாரி! நிருபர் வெலவெலத்துப் போனார்.

10 மைலுக்கு அப்பால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற 2 கம்ப்யூட்டர் நிபுணர்கள் செய்த வேலை இது. நிருபர் சம்மதித்து நடந்த சோதனைதான். ஆனாலும் பின்னால் வந்த லாரி டிரைவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

எப்படி நுழைந்தார்கள்?

பாட்டு கேட்கவும் வழி பார்க்கவும் காரில் ஒரு திரை உண்டு. அது செல்போன் கோபுரம் வழியாக வெளியே பேசும். அந்த வாசல் திறந்து கிடந்தது. அதில் நுழைந்தவர்கள் ஒரு சிப்பில் தங்கள் கட்டளையை ஏற்றி, எஞ்சின், பிரேக் வரை போய்விட்டார்கள். "யாரப்பா நீ?" என்று கார் கேட்கவே இல்லை.

பியட் கிரைஸ்லர் கம்பெனி 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் செய்யவேண்டி வந்தது.

வண்டியோடு வண்டி பேசினால்?

அது ஒரு கார் சமாசாரம். வண்டிகள் ஒன்றோடு ஒன்று ரேடியோவில் பேசும் முறையும் வந்துவிட்டது. "இங்கே இருக்கிறேன், இந்த வேகம், பிரேக் போட்டுவிட்டேன்" என்று வினாடிக்கு 10 தடவை சொல்லும். வளைவுக்கு அப்பால் நிற்கும் வண்டியும் தெரிந்துவிடும். நல்ல காரியம்தான். ரோட்டோரம் நின்று ஒரு போக்கிரி "முன்னால் விபத்து" என்று புளுகினால்?

அதற்குத்தான் கம்ப்யூட்டர் கையெழுத்து. சான்று பெற்ற வண்டி சொன்னதா என்று பார்த்துத்தான் மற்ற வண்டி நம்பும். ஒரே கையெழுத்தை வைத்தால் வேறு வம்பு. இன்னார் எந்தத் தெருவுக்கு எப்போது போனார் என்று பின்தொடரலாம். அதனால் சான்றை அடிக்கடி மாற்றுகிறார்கள். பொய் பேசி மாட்டினால் சான்று ரத்து.

ஆனால் கையெழுத்து, சொன்னது யார் என்றுதான் காட்டும். சொன்னது நிஜமா என்று காட்டாது. சான்று பெற்ற வண்டிக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டால், பொய்யும் முறையான கையெழுத்தோடுதான் வரும். செயின்ட் லூயிசில் அவர்கள் புகுந்தது வண்டிக்குள்தான்.