அகில இந்திய மழையும் நம் ஐப்பசி மழையும்

ஏப்ரல் மாதம் இந்திய வானிலை ஆய்வு மையம் தன் முதல் பருவமழைக் கணிப்பை வெளியிடும். அதில் 'எல் நினோ' என்ற பெயர் இருந்துவிட்டால் போதும், அன்று மாலையே தொலைக்காட்சிகளில் பாளம் பாளமாக வெடித்த ஏரி ஒன்று வந்துவிடும். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமா ஃபோன் செய்வார். "என்ன மாப்ள, இந்த வருஷம் மழையே கெடையாதாமே?" நான் திருப்பிக் கேட்பேன், "எந்த மழைன்னு சொன்னாங்களா மாமா?"

சொல்லித்தான் இருப்பார்கள், யார் காதிலும் விழுந்திருக்காது. அந்தக் கணிப்பு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்கானது. நாட்டின் ஆண்டு மழையில் முக்கால் பங்கு அதுதான். நமக்கு வரும் முன்பே அந்தக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வருவது. இந்த இரண்டு மழையையும் எல் நினோ ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

2015-ஐ எடுத்துக்கொள்வோம். வலுவான எல் நினோ ஆண்டு. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. மறு ஆண்டு எல் நினோ ஓய்ந்தது. நாட்டுக்குக் கிட்டத்தட்ட இயல்பான மழை, டெல்லியில் நிம்மதி. தமிழ்நாட்டிலோ 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்த முரணுக்கு வேர் பசிபிக் கடலில் இருக்கிறது. அதை முதலில் மோப்பம் பிடித்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். 1899-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் சூடு ஆறாத காலத்தில், 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பருவமழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல வழி தேடி, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பதிவேடுகளை வரிசையாக அடுக்கி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஓயாமல் கணக்குப் போட வைத்தார். கிடைத்த விடை, பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டுகளைப் போல. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1969-இல் யாக்கப் பியர்க்னெஸ் அந்த அழுத்த மாற்றத்தைக் கடலின் சூட்டோடு முடிச்சுப் போட்டார்.

வழக்கமான ஆண்டுகளில் பசிபிக்கின் கிழக்குக் காற்று, சூடான மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கும். காற்று அங்கே மேலெழுந்து மேகமாகும். எல் நினோவின்போது அந்தக் காற்று தளர, வெந்நீர் தென் அமெரிக்காவை நோக்கி நகர்கிறது; மேலெழும் காற்றும் கூடவே போய்விடுகிறது. நம் பக்கம் காற்று கீழிறங்கி அமுக்குவதால் தென்மேற்குப் பருவமழை தளர்கிறது. ஐப்பசி பிறந்து காற்றின் திசை மாறிய பிறகு கதை வேறு. அப்போது வங்கக் கடலின் தெற்கில் கிழக்கிலிருந்து வரும் காற்று வழக்கத்தைவிட வலுத்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியும் சேர்ந்து சூடேறினால் கேட்கவே வேண்டாம்.

இதில் இரண்டு பக்கமும் அடி வாங்குவது காவிரிப் படுகைதான். மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை; டெல்டாவில் நேரே விழுவது வடகிழக்கு மழை. எல் நினோ ஆண்டான 2023-இல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. கடைமடையில் குறுவை காய்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதைவிட அது அதிகம்.

அதற்காக எல் நினோ என்றாலே ஐப்பசியில் வெள்ளம் என்று புதுச் சூத்திரம் எழுதிவிடக் கூடாது. 2021-இல் பசிபிக் நேர்மாறாகக் குளிர்ந்திருந்தது. சூத்திரப்படி நமக்கு மழை குறைந்திருக்க வேண்டும். இயல்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெய்தது. வங்கக் கடலில் அந்தப் பருவத்தில் எத்தனை தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன, அவை எந்தக் கரைக்குத் திரும்புகின்றன என்பதையெல்லாம் பசிபிக் முடிவு செய்வதில்லை. அது ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாய்வு தெரிந்தாலே செய்வதற்கு நிறைய இருக்கிறது. எல் நினோ ஆண்டில் குறுவைப் பரப்பை மேட்டூர் இருப்பைப் பார்த்து முன்கூட்டியே சுருக்கலாம், உளுந்துக்கோ பயறுக்கோ மாறலாம். வறட்சி நிவாரணம் பேசும் அதே கூட்டத்தில் வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாரவும் பணம் ஒதுக்கலாம். இப்போதெல்லாம் வறட்சிக்கென்று ஒரு கூட்டம், வெள்ளத்துக்கென்று மற்றொன்று; இரண்டாவது பெரும்பாலும் வெள்ளம் வந்த பிறகு.

செப்டம்பர் முடியும் தறுவாயில் வானிலை ஆய்வு மையம் தென்னிந்தியாவின் வடகிழக்குப் பருவமழைக்கும் தனியாக ஒரு கணிப்பு தருகிறது. அது உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தியாகப் போய்விடுகிறது. ஏப்ரல் கணிப்பை முதல் பக்கத்தில் போடும் நம் நாளிதழ்கள் இதையும் அதே இடத்தில் போடலாம். நமக்குச் சம்பாவும் வெள்ளமும் அதில்தான் இருக்கின்றன.