விடுமுறைக்கு வரும் பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் ஜூலை மாதத்தில் திறக்கும். துபாயிலும் ஷார்ஜாவிலும் தோகாவிலும் குடும்பத்தோடு இருப்பவர்கள் ஊருக்கு வரும் காலம் அது. வளைகுடாவிலுள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் புது ஆண்டைத் தொடங்கி, வெயில் கொளுத்தும் ஜூலை, ஆகஸ்டில் மூடிவிடுகின்றன. நம் பள்ளிகளோ ஜூனிலேயே திறந்து மும்முரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும். அதனால், வந்த பிள்ளை காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் தெருவில் விளையாட ஆள் இருக்காது. சித்தப்பா மகன் பள்ளிக்குப் போயிருப்பான். எதிர்வீட்டுப் பெண்ணும் போயிருப்பாள். மாலை நான்கரை மணி வரை கைப்பேசிதான் துணை. இடையில் ஒரு நாள் ராமேசுவரம், ஒரு நாள் காரங்காட்டில் படகுச் சவாரி, நாலு கல்யாண வீடு. ஆகஸ்ட் கடைசியில் விமானம்.

அந்தப் பிள்ளையை அந்தச் சில வாரங்களுக்கு உள்ளூர் அரசுப் பள்ளியில் விருந்தினர் மாணவராக உட்கார வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை கேட்பது. இதை ஜப்பான் நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

வெளிநாட்டில் வளரும் தன் பிள்ளைகளின் படிப்பை ஜப்பான் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்ட நாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1956-இல் பாங்காக்கில் ஜப்பானியப் பள்ளி மீண்டும் தொடங்கியது. டெல்லியில் 1964 முதல் ஜப்பானியப் பள்ளி நடக்கிறது, மும்பையிலும் உண்டு. இவை முழுநேரப் பள்ளிகள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘ஹோஷூகோ’ எனப்படும் சிறிய துணைப் பள்ளிகள்தாம். 1958-இல் வாஷிங்டனில் தொடங்கிய இந்த வகைப் பள்ளிகள் இன்று உலகெங்கும் 200-க்கு மேல் இருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்காக வந்த ஜப்பானியக் குடும்பங்களுக்கென்று சென்னையிலும் ஒன்று உண்டு.

வாரநாட்களில் பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ படிக்கும். சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஜப்பானிய மொழியும் கணக்கும் நடக்கும். ஜப்பானில் அதே வயதுப் பிள்ளை வாரம் முழுக்கப் படிக்கும் மொழிப் பாடத்தை இங்கே சில மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், மீதியெல்லாம் வீட்டுப்பாடம். தொடக்கப் பள்ளியின் ஆறு வகுப்புகளில் மட்டும் ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் 1,026 இருக்கின்றன. தாய்மார் முறைபோட்டு நடைபாதையில் காவல் இருப்பார்கள். மேசைக்குள் இருக்கும் இன்னொரு பள்ளிப் பிள்ளையின் பென்சிலைத் தொட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி அனுப்புவார்கள். பாடப் புத்தகத்தை ஜப்பானிய அரசே தூதரகங்கள் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது. 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் துணைப் பள்ளிக்கு ஆசிரியரையும் அனுப்புகிறது. சிறிய பள்ளிகளின் வாடகையிலும் சம்பளத்திலும் ஒரு பங்கைத் தாங்குகிறது. 2022 ஜூனில் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளின் கல்வி அரசின் கடமை என்று எழுதி வைத்தார்கள்.

புத்தகமும் பணமும் போக அவர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது அதைத்தான். கோடை விடுமுறையில் தாய்நாட்டுக்கு வரும் பிள்ளையை, தாத்தா பாட்டி வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பொதுப் பள்ளி இரண்டு மூன்று வாரம் சேர்த்துக்கொள்கிறது. ‘தாய்கென் நியூகாகு’ என்று பெயர், அனுபவத்துக்காகச் சேர்வது. அமெரிக்கப் பள்ளிகள் ஜூனில் மூடிவிடும். ஜப்பானில் ஜூலை 20-ஆம் தேதி வாக்கில்தான் விடுமுறை. இடையில் கிடைக்கும் அந்த வாரங்கள்தாம் கணக்கு. மாமா மகனின் பழைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளை போகும். மதிய உணவுக்குரிய கட்டணத்தை வீட்டார் கட்டிவிடுவார்கள். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சோறு பரிமாறும், வகுப்பறைத் தரையைத் துடைக்கும். பெரும்பாலும் அந்த ஊர்க் கல்வி அலுவலகமும் தலைமை ஆசிரியரும் சம்மதித்தால் போதும்.

தமிழர்கள் இந்த வகையில் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். பினாங்கில் 1816-லேயே ஆங்கிலப் பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இன்று மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள்ளேயே நடக்கின்றன. சிங்கப்பூரில் 1946-இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கிய பள்ளிக்கு உமறுப் புலவரின் பெயர் வைத்தார்கள். சிட்னியில் பாலர் மலர் தமிழ்ப் பள்ளி 1977 முதல் நடக்கிறது. கலிபோர்னியாவில் தமிழ்க் கல்விக்கழகம் 1998-இல் தொடங்கியது. ஜெர்மனியின் தமிழாலயங்களை ஈழத்திலிருந்து போனவர்கள் கட்டி எழுப்பினார்கள். இந்த வார இறுதிப் பள்ளிகளை எந்த அரசும் தொடங்கி வைக்கவில்லை; வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு சனி, ஞாயிறு காலையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த ஆயிரக்கணக்கான தாய் தந்தையரின் உழைப்பு அது. அவர்கள் முன்னால் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளின் தமிழ்ப் பற்று எனக்குச் சிறியதாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்தப் பள்ளிகளால் செய்ய முடியாத ஒன்று உண்டு. வார இறுதியில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் எதைக் கற்பிக்கலாம்? எழுத்து, ல-ள-ழ, ஒரு குறள், ஒரு கதை, தேர்வுக்கு வேண்டிய இலக்கணம். எல்லாமே எழுத்துத் தமிழ். பேச்சுத் தமிழைப் பாடமாக வைத்துச் சொல்லித்தர முடியாது. அது சம வயதுப் பிள்ளைகளோடு சண்டை போட்டு வர வேண்டியது. வீட்டில் அப்பா அம்மா பேசுவதைக் கேட்டு வரும் தமிழ், ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘படி’ என்ற ஏவல்களோடு நின்றுவிடுகிறது. தன் கட்சியை எடுத்துச் சொல்ல, ஏய்க்க, கெஞ்ச, கூட்டாளியைச் சேர்க்க அந்தப் பிள்ளைக்கு ஒரு தமிழும் கிடைப்பதில்லை. பத்து வயதானதும் வாயை மூடிக்கொள்கிறது. தமிழை ஆட்சிமொழியாக வைத்து, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகக் கட்டாயமாக்கிய சிங்கப்பூரிலேயே, 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. வளைகுடாவில் நிலைமை இன்னும் நெருக்கடி. அங்குள்ள நம் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆங்கிலம், இந்தி, அரபு என்று மூன்றும் வந்து உட்கார்ந்துவிட, தமிழுக்குச் சில பள்ளிகளில்தான் இடம் இருக்கிறது.

காரங்காட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஜூலையில் நான் ஏறிய படகில் வளைகுடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. ஒன்பது வயது இருக்கும் பெண் பிள்ளை. துடுப்புப் போட்டவர் சேற்றுக்கு மேலே ஆணி அடித்தாற்போல நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் காட்டி, “இந்தா பாரு பாப்பா, இது மூச்சு விடுற வேரு. தண்ணி வத்துன நேரம் இதாலதான் மரம் காத்து வாங்கும்” என்றார். பிள்ளை கண் கொட்டாமல் பார்த்தது. எல்லாம் விளங்கியது முகத்தில் தெரிந்தது. கேள்வியும் இருந்தது. அதை அம்மாவின் காதில் ஆங்கிலத்தில் கேட்டது. அம்மா தமிழில் படகுக்காரரிடம் கேட்டார். அவர் பிள்ளையைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார். “நாம பேசுனா பிள்ளைக்கு வெளங்குது, வாயத் தொறந்துதான் பேச மாட்டேங்குது” என்றார் பாட்டி, யாரையும் குறை சொல்லாத குரலில். அதே நேரத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருந்தார்கள். நண்டைப் பார்த்ததும் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய, காரலுக்கும் ஊளிக்கும் வித்தியாசம் தெரிந்த, பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருக்கும் பிள்ளைகள். அவர்களைவிட நல்ல தமிழாசிரியர் அந்தப் பெண்ணுக்கு வேறு யார்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தொடங்கியது. 2022-இல் தமிழ்ப் பரப்புரைக் கழகம் வந்தது. அயலகத் தமிழர் பிள்ளைகளுக்கான பாடநூல்கள் வெளிவருகின்றன. ‘வேர்களைத் தேடி’ திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதன் வயது வரம்பு 18 முதல் 30 வரை. பதினெட்டு வயதில் வருகிறவர் கோயிலையும் சிற்பத்தையும் பார்த்து வியப்பார். நாக்கு அதற்குள் பழகிப்போயிருக்கும். எட்டு வயதில் நான்கு வாரம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் பதினெட்டு வயதிலும் இங்கே பேர் சொல்லிக் கூப்பிட ஒரு கூட்டாளி இருப்பான்.

செய்வது கடினமா? ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடே பாதி வேலையை முடித்துவைத்திருக்கிறது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை வயதால் மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாலும் பிரித்து உட்கார வைக்கிறார்கள். எழுத்தே தெரியாமல் வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பில் இடம் உண்டு. பாட்டும் அட்டைகளும் தயாராக இருக்கின்றன. துபாயிலிருந்து வரும் பிள்ளைக்காக ஆசிரியர் தனியாகப் பாடம் தயாரிக்க வேண்டியதில்லை.

இடிக்கும் இடம், மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையப் பதிவேடான ‘எமிஸ்’. தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்: “பிள்ளை உட்காரட்டும் சார், பேரை ஏத்த முடியாதே. நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?” நியாயமான பயம். எமிஸில் ஏற்றினால், வெளிநாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இங்கேயும் வழக்கமான மாணவராகக் கணக்கில் வந்துவிடும். ஏற்றாவிட்டால் பிள்ளைக்கு ஒரு காயம் பட்டால்கூடத் தலைமை ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். தேவை ஓர் அரசாணை. பள்ளிக் கல்வித் துறையும் அயலகத் தமிழர் நலத் துறையும் கூடிப் பேசினால் போதும்: விருந்தினர் மாணவர் என்று தனிப் பதிவேடு, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஆறு வாரத்துக்கு மிகாமல், ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், தேர்வும் சான்றிதழும் கிடையாது, காப்பாளர் ஊரில் இருக்க வேண்டும், சாப்பாட்டுச் செலவை வீட்டார் ஏற்கலாம். சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை, அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஐரோப்பாவில் பெரும்பாலும் ஜூலையும் ஆகஸ்டும். நம் பள்ளி நாட்காட்டி எல்லாவற்றோடும் ஏதோ ஓரிடத்தில் பொருந்திப்போகிறது.

வசதியுள்ளவன் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கரையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி முழுதாகப் பொருந்தாது. பஹ்ரைனிலும் சவுதியிலும் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போன தகப்பன்மாரின் பிள்ளைகள்தாம் இங்கே வகுப்பில் இருப்பவர்கள். குடும்ப விசாவுக்குரிய சம்பளம் அவர்களுக்குக் கிடையாது. அப்பா இருக்கும் நாடு எப்படி இருக்கும் என்று கேட்க, அங்கிருந்து வந்த ஒரு பிள்ளை பக்கத்து இடத்தில் உட்காரும். இரண்டு பக்கத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வந்த பிள்ளையை மேடையில் ஏற்றி ஆங்கிலம் பேச வைப்பதும், உள்ளூர்ப் பிள்ளைகளை அதற்குக் கைதட்ட வைப்பதும் நடந்தால், இந்தத் திட்டம் வராமல் இருப்பதே மேல்.

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளும், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் தங்கிய பிள்ளைகளும் நம் அரசுப் பள்ளிகளில்தான் உட்கார்ந்தார்கள். கையில் காகிதம் முழுதாக இல்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த மாவட்டம் இது. கடவுச்சீட்டும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இடம் இல்லை என்று சொல்ல நமக்குக் காரணம் கிடையாது.

ஜப்பானைப் பார்த்துக் கற்கும்போது அவர்கள் கோட்டைவிட்ட இடத்தையும் பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டிலுள்ள தம் பிள்ளைகளுக்கு இத்தனை செய்த நாடு, தன் மண்ணில் வாழும் அயல்நாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளைக் கட்டாயக் கல்விக்குள் கொண்டுவரவில்லை. 2019-இல் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் பள்ளியில் இல்லாமல் இருக்கலாம் என்று தெரிந்து அதிர்ந்தார்கள். நம் செங்கல் சூளைகளிலும் கட்டுமான இடங்களிலும் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துபாய்ப் பிள்ளைக்குத் திறக்கும் பதிவேட்டில் அவர்களுக்கும் பக்கம் இருக்க வேண்டும். ஆறு வாரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, தங்கியிருக்கும் வரை படிக்கட்டும்.

இந்த மாவட்டத்தின் கடற்கரை ஒன்றியங்களில் பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு ஜூலையில் முயன்று பார்க்கலாம். வளைகுடாக் குடும்பங்கள் கோடை விமானச் சீட்டை மாதக் கணக்கில் முன்கூட்டியே எடுத்துவிடும். பிந்தினால் விலை இரட்டிக்கும். ஆகவே ஆணை பிப்ரவரிக்குள் வந்தால்தான் அந்த ஆண்டே பிள்ளைகள் வகுப்புக்கு வர முடியும்.