டாங்கிக்குள் இருக்கட்டும், தெருவுக்கு வேண்டாம்!

மேனாம்பேட்டில் இருந்து சில மைல் தூரத்தில் ஆவடி. அங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1965-ம் ஆண்டு "விஜயந்தா" டாங்கி உருவாயிற்று. "அர்ஜுன்" டாங்கியும் அங்கிருந்து வந்ததுதான்.

டாங்கிக்குள் இடம் மிகக் குறைவு. நீளமான துப்பாக்கியை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பவே முடியாது. போரில் டாங்கி பழுதாகி நின்றுவிட்டால், வீரர்கள் வெளியே குதிக்க வேண்டும். எதிரி சூழ்ந்து கொண்டால்? கைக்கு அடக்கமான, ஆனால் வேகமாகச் சுடும் துப்பாக்கி வேண்டும்.

இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே "அஸ்மி" என்ற எந்திரக் கைத்துப்பாக்கி. மத்தியப் பிரதேசத்தில் உள்ள ராணுவக் காலாட்படைப் பள்ளியும், புனேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இதை நான்கே மாதத்தில் உருவாக்கின. 2021 ஜனவரியில் மத்திய சர்க்கார் இதை அறிவித்தது.

என்ன வித்தியாசம்?

சாதாரணக் கைத்துப்பாக்கியில், விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த குண்டுக்கு, விரலைத் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும்.

எந்திரக் கைத்துப்பாக்கி அப்படி அல்ல. அதில் ஒரு சிறு குமிழ் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் ஒவ்வொன்றாகச் சுடும். இன்னொரு பக்கம் தள்ளினால், விரலை எடுக்கும் வரை பட படவென்று சுட்டுக் கொண்டே இருக்கும். ஆஸ்திரியா நாட்டு "குளாக் 18" வினாடிக்குச் சுமார் 20 குண்டு பொழியும். அதன் வழக்கமான தோட்டாக் கூட்டில் இருப்பதோ 17 குண்டு. "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் காலி!

வேகம் சரி, குறி என்ன ஆகும்? ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது துப்பாக்கி எகிறுகிறது. முதல் குண்டு எதிரி மீது பாயலாம். மற்றவை எங்கே பாயும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. ஆகவேதான், 1951-ல் வந்த ரஷ்யாவின் "ஸ்டெச்கின்" துப்பாக்கியில், உறையையே பின்னால் மாட்டித் தோளில் அண்டக் கொடுத்துச் சுட வழி செய்தார்கள். இத்தாலிக்காரர்களோ தங்கள் "பெரெட்டா 93ஆர்" துப்பாக்கியில், ஒரு இழுப்புக்கு மூன்று குண்டு என்று அளவு கட்டினார்கள். செய்தவர்களுக்கே பயம்!

இந்தத் துப்பாக்கி கடைத்தெருவுக்கு வந்தால்?

அமெரிக்காவில் சாக்ரமெண்டோ நகரில், 2022 ஏப்ரல் 3-ந் தேதி நடுத்தெருவில் குண்டு மழை பொழிந்தது. 6 பேர் மாண்டார்கள். 12 பேர் காயம் அடைந்தார்கள். அங்கே அகப்பட்ட துப்பாக்கி ஒன்று, எந்திரக் கைத்துப்பாக்கி போலச் சுடும்படி மாற்றப்பட்டிருந்தது. அந்த நாட்டில் இப்படி மாற்றுவதற்குப் பயன்படும் கள்ளப் பொருள், ஒரு நாணயம் அளவுதான் இருக்கும்.

மேனாம்பேடு, அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறைகள் ஏராளம். தொழிலாளிகள் கெட்டிக்காரர்கள். இங்கே தவறு நடக்கிறது என்பது அல்ல பேச்சு. நாளைக்கு ஒருவன் ஒரு வரைபடத்தைக் கொண்டு வந்து, "இரட்டிப்புக் கூலி தருகிறேன், எதற்கு என்று கேட்காதே" என்றால், பாவம், பட்டறைத் தம்பிக்கு என்ன தெரியும்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விரலை எடுக்கும் வரை சுடும் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். ஆயுதத்தின் பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. 2019-ல் தண்டனையைக் கூட்டினார்கள். இத்தகைய ஆயுதத்தைக் கள்ளத்தனமாகச் செய்தால், குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

சட்டப் புத்தகத்தைப் பட்டறையில் யார் படிப்பார்கள்? போலீசார் இதை ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு பட்டறைக் கதவிலும் ஒட்ட வேண்டும். கொஞ்சம் காகிதமும் ஒரு வாளிப் பசையும் போதும்.