தழும்பும் ஒரு சாட்சி

கலிபோர்னியாவில் 1930களில் இளைஞர் சிலர் பழைய போட் கார்களைப் பிரித்து, பாரங்குறைத்து, இயந்திர வலுவைக் கூட்டி, வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டினர். 'ஹொட் ரொட்' எனப்பட்ட அக்கார்களைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம்பிடிப்போர் இன்றும் உளர்.

அவர்கள் வேகத்துக்காகச் செய்ததை நம் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் தேவைக்காகச் செய்தனர். 1990இல் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகியபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்குவர்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அதற்கும் இணங்கிற்று. கிடைக்காத பாகங்களைக் கைவேலையால் ஈடுசெய்தனர்.

2009இல் போர் முடிந்தபின் புதிய வாகனங்கள் வந்தன. எஞ்சிய பழைய கார்களுக்குப் புதுவண்ணம் பூசுகையில் ஒட்டுகளும் தட்டித் திருத்திய தழும்புகளும் மறைந்துவிடுகின்றன. அக்காலத்தின் சாட்சி அவையன்றோ?

நிறம் நீங்கி ஒளியும் நிழலுமே நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் அத்தழும்புகள் துலங்கும். அவ்வுருவம் வெள்ளித் துகளால் ஆனது. முறையாகக் கழுவிப் பேணினால் தலைமுறைகள் நிலைக்கும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் அத்தகைய கார் நின்றால், வண்ணம் பூசுமுன் ஒரு படம் எடுங்கள். மாற்றிய பாகம் எது, மாற்றியவர் யார் என்பதைப் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள். அக்கைகளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.