வலிக்கு ஊசி போடலாம். இன்சுலினை நிறுத்தக் கூடாது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகைகளில் வேலை செய்யும் பெண்கள் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். கொட்டை உடைப்பவர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் போகிறது. பருப்பில் தோல் உரிப்பவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் போகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் நடவும் களையெடுப்பும் முதுகை வாங்கிவிடுகின்றன. கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையில் வலை இழுத்தே தேய்ந்த தோள்கள். கடலூர் மாவட்டத்து உழைப்பாளிகளின் பொதுவான நோய் எது என்று கேட்டால், தயங்காமல் வலி என்று சொல்வேன்.

இந்த வலிக்கு அவர்களுக்குக் கைக்கெட்டும் வைத்தியம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபினாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். இதை அனுபவித்தவர்கள் ‘மருந்தில்லா மருத்துவம்’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே போவதில் வியப்பொன்றும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதுதான் என் கவலை.

நானும் அக்குபங்சர் செய்கிறவன். அது பயனுள்ளது என்று நம்புவதால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்தும் ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன். உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. முழங்கால் சிப்பிக்கு நான்கு விரல் கீழே, முன்னங்கால் எலும்புக்கு ஒரு விரல் வெளியே ஒரு புள்ளி இருக்கிறது. சீனர்கள் அதை ட்ஸுசான்லி என்பார்கள். அங்கே ஊசி இறங்கும்போது நம்மூர் அம்மாக்கள் முதலில் ‘சுரீர்னுது’ என்பார்கள். லேசாகத் திருகியதும் ‘மதமதன்னு கனக்குது, கீழ வரைக்கும் இழுக்குது’ என்பார்கள். அந்த மதமதப்பு வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்று சீன மரபு சொல்கிறது. இருபது, முப்பது நிமிடம் ஊசியை வைத்திருந்து எடுத்துவிடுவோம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. 1970-களில் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங், டொரன்டோவில் புரூஸ் பொமரான்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் ஊசி தூண்டும்போது உடல் தானே வலி தணிக்கும் எண்டார்ஃபின்களைச் சுரக்கிறது என்று காட்டின. அவற்றைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பலனும் குறைந்தது. நரம்பு, தண்டுவடம், மூளை வழியாக நடக்கும் வேலை இது.

பலன் எவ்வளவு என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் சிகிச்சை கொடுத்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்குத்தான் நல்ல முன்னேற்றம். சீன முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம். மூன்றாவது பிரிவினருக்குப் புள்ளிகளைத் தவிர்த்து, சும்மா மேலோட்டமாக ஊசி குத்தினார்கள். அவர்களிலும் 44.2 சதவீதம் பேர் முன்னேறினார்கள்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். அக்குபங்சரை ஏளனம் செய்யும் ஆங்கில மருத்துவர்கள் முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். ஜெர்மனி அதைப் பார்த்துத்தான் முதுகுவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபங்சர் செலவைக் காப்பீட்டில் சேர்த்தது. எங்கள் துறையினர் மூன்றாம் எண்ணைப் பார்க்க வேண்டும். முதுகுவலியில் ஊசி உதவுகிறது. ஆனால் அதை எந்த இடத்தில் குத்துகிறோம் என்பது நாம் பெருமை பேசும் அளவுக்கு முக்கியமாக இல்லை. நாடியைத் தொட்டு, ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அதை விரலால் தொட்டே சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் போக்குவேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு நிற்பதற்கு இங்கே இடமே இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்பக்கப் புள்ளியைத் தூண்டுவது உதவும் என்பதற்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் ஊசி தடுக்கும் என்பதற்கும் நல்ல சான்றுகள் உள்ளன. சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய், புற்றுக்கட்டி ஆகியவற்றை ஊசியால் குணப்படுத்தலாம் என்பதற்குச் சான்று கிடையாது.

இந்த மருத்துவம் இந்தியாவுக்கு வந்த கதையை எங்கள் துறையினர் மறக்கக் கூடாது. ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு உதவ 1938-ல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. சோலாப்பூர்க்காரரான துவாரகநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிரை விட்டார். உடன் போனவர்களில் ஒருவர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று இந்தக் கலையைக் கற்று, 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். நவீன மருத்துவம் படித்தவர் அவர். ஊசியைக் கையில் எடுத்ததற்காக ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கி எறியவில்லை.

சித்தர் போகர் சீனாவுக்குக் கொண்டுபோனதுதான் அக்குபங்சர் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. நம்மிடம் 108 புள்ளிகள் கொண்ட வர்மம் என்ற சொந்தக் கலை இருக்கிறது. அதற்கு வேறொரு நாட்டுக் கலையின் பெருமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

என்னை உறங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ‘மருந்தில்லா மருத்துவம்’ பார்க்கும் ஹீலர்கள் சொல்லும் ‘மருந்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள்’ என்ற அந்த ஒரு வாக்கியம். பெரும்பாலும் சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரப்பதே இல்லை. இன்சுலின் ஊசியை நிறுத்திய ஓரிரு நாளிலேயே உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. குழந்தைக்கு வாந்தி வரும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும், பிறகு மயக்கம். பயந்துபோய்க் கேட்கும் பெற்றோரிடம் ‘கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க’ என்று சொல்லும் ஹீலர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு அப்போது தேவை சலைன், இன்சுலின், ஒரு தீவிர சிகிச்சைப் படுக்கை. மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்.

பிரசவத்திலும் இதே கதைதான். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம் தாய் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவர் கைதானார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளியைக் கர்ப்பிணிகளிடம் தொடக் கூடாது என்று சீன மரபே எச்சரிக்கிறது. மரபை முறையாகப் படித்தவர் பிரசவத்தில் இத்தனை துணிச்சல் காட்டமாட்டார்.

ஊசியிலும் ஆபத்து உண்டு. தோள்பட்டையின் மேற்பகுதியில் ஆழமாக இறக்கினால் நுரையீரலின் உச்சியைத் தொட்டுவிடும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் மூலிகைச் சூடு வைத்தால், வெந்தது தெரியாமல் புண்ணாகி விரலை எடுக்க வேண்டிவரும். பிளேடால் கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங்குக்கும் கிருமி பற்றிய எச்சரிக்கை பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது? அக்குபங்சர் ஒரு சிகிச்சை முறை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் ஏற்றது. 2019 பிப்ரவரி 21 அன்று சுகாதார ஆராய்ச்சித் துறை அதைத் தனித்த முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் பாடமாக இருக்கிறது. அதைப் படித்து முடித்தவருக்கும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சான்றிதழ் வாங்கியவருக்கும் ஒரே மாதிரிப் பலகைதான். உள்ளே வருகிறவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

தமிழ்நாடு அரசு ஒரு பதிவு மன்றம் அமைக்க வேண்டும். பயிற்சியின் கால அளவு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, எந்த நோய்க்குச் சிகிச்சை தரலாம் என்ற எல்லை ஆகியவற்றை அது வகுக்க வேண்டும். பிற மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்வது குற்றம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இதனால் எங்கள் தொழில் நசியும் என்று துறை நண்பர்கள் அஞ்சுகிறார்கள். ஒவ்வொரு மரணச் செய்தியின்போதும் எல்லோருக்கும் சேர்த்து விழும் அவப்பெயர்தான் தொழிலை நசிக்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். முந்திரி, கரும்பு, நெல் என்று முதுகொடிய வேலை செய்யும் இந்த மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாள் தகுதிபெற்ற மருத்துவர் வலிக்கு அக்குபங்சர் தர ஏற்பாடு செய்யலாம். சிகிச்சை முடிந்ததும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்துவிட்டே அனுப்பலாம். வலி மாத்திரையும் குறையும், ஹீலரைத் தேடி அலைவதும் குறையும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடுப்புவலிக்கு அக்குபங்சர் எடுக்க விரும்பினால் தாராளமாகப் போங்கள். சிகிச்சை தருபவர் என்ன படித்தார் என்று கேளுங்கள். ஊசியை உங்கள் கண்முன் உறையைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர், காசநோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

- கட்டுரையாளர், யோகா மற்றும் இயற்கை மருத்துவர். கடலூர் மாவட்டத்தில் அக்குபங்சர் சிகிச்சை அளித்துவருபவர்.